1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்: உள்ளே என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: பத்து வருடம் ஓட்டிய 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு, டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை) உள்ள 1 லிட்டர் டர்போ கார் வாங்கியிருக்கிறீர்கள். பழைய வண்டி எந்த ஆயிலை ஊற்றினாலும் ஓடியது, இதற்கு மட்டும் ஏன் இத்தனை நிபந்தனை? சின்ன எஞ்சின் சீக்கிரம் தேய்ந்துவிடுமா? இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் கெடுதலா? எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் வாங்கியிருக்க வேண்டுமோ?

நான்கு கேள்விக்கும் ஆணிவேர் ஒன்றுதான்: நாக்கிங். இன்றைய பெட்ரோல் எஞ்சினில் புதிதாகச் சேர்ந்த பாகங்களில் பெரும்பாலானவை நாக்கிங்கைத் தள்ளிப்போட வந்தவை. மிச்சம், அப்படித் தள்ளிப்போட்டதன் பின்விளைவைச் சமாளிக்க வந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மேனுவலில் உள்ள நிபந்தனைகள் ஏன் என்பது தானாகவே விளங்கும்.

பிளக் பொறி வைத்ததும் தீ சிலிண்டரின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவுகிறது. அது போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றி வெடித்தால் அதுதான் நாக்கிங். சுத்தியலால் தட்டுவது போல டக்டக்கென்று கேட்கும். பெட்ரோலிலிருந்து அதிக வேலையைப் பிழிய ஒரே நேர்வழி கலவையை இன்னும் இறுக்குவது. பாடப்புத்தகக் கணக்கில் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது கலவையை எத்தனை மடங்கு இறுக்குகிறோம் என்பது, 10 என்றால் திறன் 60 சதவீதம், 14 என்றால் 65 சதவீதம். நிஜ எஞ்சின் இதற்கு வெகு கீழே நிற்கும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகவும், இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். ஆனாலும் இறுக்கினால் லாபம் என்பது மாறாது. இறுக்க இறுக்க நாக்கிங் வரும் என்பதும் மாறாது.

அப்படியானால் எஞ்சினை ஏன் சின்னதாக்கினார்கள்? சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்னக் காருக்குத் தேவை 6, 7 குதிரைத்திறன்தான். பெரிய எஞ்சின் அந்த நேரத்தில் திராட்டிலை (காற்று உள்ளே போகும் வழியின் கதவை) முக்கால்வாசி மூடிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது போலக் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்புக்கே பெட்ரோல் செலவாகிறது. சின்ன எஞ்சின் என்றால் திராட்டில் அதிகம் திறந்திருக்கும், இழப்பு குறையும். மேட்டில் ஏறவும் ஓவர்டேக் செய்யவும் டர்போ கூடுதல் காற்றைத் திணித்துக் கொடுக்கும்.

அந்தத் திணிப்பு எவ்வளவு என்று பாருங்கள். 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. 1197 சிசி சாதாரண எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) 114 நியூட்டன் மீட்டர். 998 சிசி டர்போவுடையது 172, அதுவும் 1500 ஆர்பிஎம்மிலேயே. டார்க்கையும் கொள்ளளவையும் வைத்து, பிஸ்டன் மேல் வேலை செய்யும் சராசரி அழுத்தத்தைக் கணக்கிடலாம். முதல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 12 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வருகிறது, இரண்டாவதற்கு 21.7 பார். ஒவ்வொரு பிஸ்டனும் கிட்டத்தட்ட இரட்டைச் சுமை வாங்குகிறது. அதற்கேற்பத்தான் பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங் எல்லாவற்றையும் வடிவமைக்கிறார்கள். ஆகவே சின்னது என்பதாலேயே தேய்ந்துவிடும் என்பது சரியல்ல. ஆனால் பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட தப்பை இது பொறுக்காது என்பது உண்மை.

டர்போ திணித்த காற்று சூடானது, சூடு நாக்கிங்கைக் கூப்பிடும். முதல் பரிகாரம் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இரண்டாவது, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. பழைய எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் குழாயில், 3, 4 பார் அழுத்தத்தில் தெளிக்கப்பட்டு, அங்கே குழாய்ச் சுவரின் சூட்டில் ஆவியானது. இப்போது 200 முதல் 350 பார் வரை. சிலிண்டருக்குள் ஆவியாகும்போது அது காற்றின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். அந்த ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அத்தனை சூட்டையும் காற்றிலிருந்தே எடுத்தால் 24 டிகிரி வரை குளிரும். இந்தக் குளிர்ச்சிதான் பழைய டர்போக்களில் 8.5, 9 என்று இருந்த கம்ப்ரஷன் ரேஷியோவை 10, 10.5 வரை உயர்த்த இடம் கொடுத்தது.

இதற்கு விலை நேரம். 2000 ஆர்பிஎம்மில் இன்டேக் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும் நேரம், 15 மில்லிசெகண்ட். அதற்குள் பீய்ச்சி, உடைந்து துளியாகி, ஆவியாகி, காற்றோடு கலந்தாக வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் 5 மில்லிசெகண்ட்தான். எஞ்சின் சூடாக இருந்தால் முடிந்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு பகுதி ஆவியாகாமல் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாகப் படிகிறது. இந்த ஈரம்தான் கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

முதலில் ஆயில். சுவரில் படிந்த பெட்ரோலை பிஸ்டன் ரிங்குகள் கீழே வழித்து, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் தள்ளும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகி, எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி குழாய் வழியாகப் போய் எரிந்துவிடும். பள்ளிக்கும் கடைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அப்படியே தங்கும். பெட்ரோலின் கனமான பகுதி 200 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும், ஆயில் அவ்வளவு சூடாவதே இல்லை. அதனால் கொஞ்சம் எப்போதும் மிச்சமிருக்கும், ஆயில் நீர்த்துக்கொண்டே போகும்.

இதை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து 10 நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் குறைந்திருந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். இந்த எஞ்சின்களில் மட்டம் ஏறியிருந்தாலும் கவலைப்பட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடையும் வந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். மேனுவலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தாலும், குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு 5,000 முதல் 7,500 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஆயில் சேஞ்சின் செலவு டர்போ விலைக்குப் பக்கத்தில் வராது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் ஆயிலுக்கு மருந்துதான்.

இப்போது ஆயில் டப்பாவில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்ற கேள்வி. டர்போவும் டைரக்ட் இன்ஜெக்ஷனும் சேர்ந்த எஞ்சின்களில் நாக்கிங்கின் அண்ணன் ஒருவன் இருக்கிறான். எல்எஸ்பிஐ என்பார்கள், குறைந்த வேகத்தில் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது. பிஸ்டனின் மேல் ரிங்குக்கு மேலே ஒரு சந்து உண்டு. சுவரில் படிந்த பெட்ரோலும் ஆயிலும் கலந்து அங்கே சேர்ந்து நிற்கும். குறைந்த ஆர்பிஎம், அதிக அழுத்தம் என்று இருக்கும்போது அதிலிருந்து ஒரு துளி பிய்ந்து மேலே பறந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே தீப்பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும், எதிரே தீ வந்து அமுக்கும். சாதாரண நாக்கிங்கை சென்சார் கண்டுபிடித்து, பொறி விடும் நேரத்தை (டைமிங்கை) பின்தள்ளிச் சமாளிக்கும். இங்கே பொறிக்கே வேலை இல்லாததால் டைமிங்கைத் தள்ளிப் பயனில்லை. ரிங் பள்ளங்களுக்கு இடைப்பட்ட பிஸ்டன் விளிம்பு உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

இது அதிகம் வருவது 1500 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள், ஆக்சிலரேட்டரை ஆழ அமுக்கும்போது. 1500 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்ட்ரோக் 20 மில்லிசெகண்ட், துளி பற்றிக்கொள்ளத் தாராளமான நேரம். ஆராய்ந்தபோது ஆயிலில் அழுக்கைக் கரைக்கச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுவது தெரிந்தது. அதில் ஒரு பகுதியை மெக்னீசியமாக மாற்றினால் வெகுவாகக் குறைந்தது. இதற்கான சோதனையோடு 2018-இல் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) எஸ்என் பிளஸ் தரமும், 2020 மே மாதத்தில் ஏபிஐ எஸ்பி தரமும் வந்தன. எஸ்பியில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயினின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. நீர்த்த, கரி கலந்த ஆயில் செயினை நீள வைக்கும் என்பதால் அதுவும் உங்களுக்கு வேண்டியதே. எனவே டப்பாவின் பின்பக்கம் வட்ட முத்திரைக்குள் எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எஸ்என் என்றிருந்தால் வேண்டாம். ஐரோப்பிய கம்பெனி கார் என்றால் அந்தக் கம்பெனியின் அப்ரூவல் எண்ணும் பொருந்த வேண்டும். கெட்டியை மேனுவலில் உள்ளபடியே வையுங்கள். "வெயில் ஊர், கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் நீடித்து உழைக்கும்" என்று சொல்லும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார். வால்வ் டைமிங்கை மாற்றும் கருவியும் செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்பவை. கெட்டி ஆயிலில் அவை தாமதிக்கும், டர்போ பேரிங்குக்கும் குளிர் ஸ்டார்ட்டில் ஆயில் பிந்தியே போய்ச் சேரும்.

ஓட்டுவதில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். ஐந்தாம் கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது டர்போ பிக்கப் இருக்கிறதே என்று அப்படியே அமுக்காதீர்கள். மூன்றுக்கு இறக்கி அமுக்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் கியர்பாக்ஸே இதைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது இன்டேக் வால்வில் கார்பன். பழைய எஞ்சினில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. இங்கே பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி மட்டும் சூடான வால்வில் பட்டுத் தார் போல ஒட்டி, வருடக்கணக்கில் பருக்கை பருக்கையாகக் கட்டியாகும். காலை ஸ்டார்ட்டில் நடுக்கம், ஐடிலிங் ஒழுங்கின்மை, உயர் ஆர்பிஎம்மில் இழுவைக் குறைவு, ஸ்கேனரில் பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் கோடு, இவை அடையாளங்கள். ஓட்டத்தைப் பொறுத்து 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் தலைகாட்டலாம். ஆனால் இதே அடையாளங்கள் பிளக்காலும் வரும், காயிலாலும் வரும். ஆகவே முதலில் அவற்றைப் பாருங்கள். டர்போ அழுத்தத்தில் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால் பிளக் இடைவெளி 0.7, 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது தேய்ந்து அகன்றால், சுமை ஏற்றும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும். பிளக் மாற்றும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், டார்க் ரென்ச் வேண்டும். மெல்லிய 12 மில்லிமீட்டர் பிளக்குகளைக் கைபோன போக்கில் இறுக்கினால் விரிசல் விடும்.

கார்பன்தானா என்று உறுதிசெய்ய போர்ஸ்கோப் (குழாய் முனையில் உள்ள சின்ன கேமரா) விட்டு வால்வைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. பார்க்காமல் டீகார்பனைசிங் (கார்பன் நீக்கும் வேலை) செய்யச் சம்மதிக்காதீர்கள். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வைத் தொடவே தொடாது. பாலிஈதர் அமைன் உள்ள கிளீனர் இன்ஜெக்டர் முனைக்கு உதவும், அது வேறு பிரச்சினை. ஓடும் எஞ்சினின் இன்டேக்கில் கெமிக்கல் தெளிக்கும் முறையில், கட்டி உடைந்து டர்போவின் இறக்கையில் அடிக்கவும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டில் போய் அடைக்கவும் வாய்ப்புண்டு. ஒழுங்கான முறை இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, கூடவே வேக்குவத்தில் உறிஞ்சுவது. ஓடு கார்பனை உரிக்கும், வால்வைக் கீறாது. இதில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று: எந்த சிலிண்டரில் அடிக்கிறோமோ அதன் இன்டேக் வால்வுகள் இரண்டும் முழுதாக மூடியிருக்கும்படி கிராங்க்கைச் சுற்றி வைக்காமல் ஆரம்பிப்பது. ஒரு கைப்பிடி தூள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரே வீணாகும். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்ஜெக்டரையும் கழற்றினால் முனையிலுள்ள டெஃப்லான் சீல் கட்டாயம் புதிது, ஹை பிரஷர் குழாயையும் பல கம்பெனிகள் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அந்தக் குழாயில் எஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் நிற்கும். ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதைப் பார்க்காமல் நட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் தோலைத் துளைக்கும் வேகத்தில் வெளியே வரும்.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும், புகை விதிகளும் எஞ்சினின் குணத்தை மாற்றியிருக்கின்றன. கேட்டலிஸ்ட் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் அழிக்க வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் கச்சிதமான விகிதத்தில், அதாவது லாம்டா 1-இல் இருக்க வேண்டும். பழைய டர்போ எஞ்சின்களில் முழு வேகத்தில் சைலன்சர் பக்கத்துச் சூட்டைத் தணிக்கக் கூடுதலாகப் பெட்ரோலைக் கொட்டுவார்கள். டர்போவில் புகையால் சுழலும் டர்பைன் தாங்கும் சூடு பொதுவாக 950 டிகிரி அளவு. நெடுஞ்சாலையில் விரட்டினால் டர்போ காரின் மைலேஜ் மளமளவென்று விழுந்ததற்கு இது ஒரு காரணம். இப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, கூலன்ட்டால் குளிர்விக்கிறார்கள். கொட்டும் பெட்ரோல் குறைந்தது. கூலன்ட் முன்பைவிட முக்கியமானது, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று கரித்துகள். ஈரமான பிஸ்டன் தலையில் பெட்ரோல் புகைந்து எரிவதால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் வருகிறது, இது டைரக்ட் இன்ஜெக்ஷனின் பிறவிக் குறை. இந்தியாவின் பிஎஸ்6 புகை விதியில் இதற்கு எண்ணிக்கை வரம்பே உண்டு, கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் எட்டுவதற்குக் கடினமான வரம்பு. சில கார்களில் இதற்காக ஃபில்டர் உண்டு. அதில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவு சூடும் ஆக்சிஜனும் வேண்டும். லாம்டா 1-இல் ஆக்சிஜன் மிஞ்சாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரிலேயே உருளும்போது இன்ஜெக்டர் மூடி, வெறும் காற்று மட்டும் போகிறது. கரி அப்போதுதான் எரிகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது இந்த வாய்ப்பைக் கெடுக்கிறது, பெட்ரோலும் மிச்சமாவதில்லை.

இ20-க்கு வருகிறேன். எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதைக் கலந்தால் இ20-இல் கணக்குப்படி சுத்தப் பெட்ரோலைவிட 6, 7 சதவீதமும், இ10-ஐவிட 3, 4 சதவீதமும் ஆற்றல் குறையும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றினால் அது பிரமை இல்லை. ஆனால் நாக்கிங் பக்கமிருந்து பார்த்தால் எத்தனால் நண்பன். அதன் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) அதிகம், ஆவியாக எடுக்கும் சூடும் பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு. மேலே போட்ட 24 டிகிரிக் கணக்கை இ20-க்குப் போட்டால் 34 வரும். உங்கள் வகை எஞ்சின்தான் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ரப்பர், சீல் எல்லாம் இ20-க்கு ஏற்றவை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்போகும் காரில் அரை டேங்க்கோடு விடாமல் நிரப்பி வையுங்கள்.

ஹைப்ரிட்? திறன் என்று மட்டும் பார்த்தால் அது ஒரு படி மேலேதான். டொயோட்டா 2015 கடைசியில் கொண்டுவந்த நான்காம் தலைமுறை பிரியஸின் 1.8 லிட்டர் எஞ்சினுக்குச் சொன்ன உச்ச வெப்பத்திறன் 40 சதவீதம். அதில் டர்போ இல்லை. ரேஷியோ 13, இன்டேக் வால்வு தாமதமாக மூடும் அட்கின்சன் முறை, குளிர்வித்த புகையைத் திரும்ப உள்ளே விட்டு எரிசூட்டைக் குறைக்கும் ஈஜிஆர். இந்த எஞ்சினுக்கு டார்க் குறைவு. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. நாக்கிங்கோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கிப் போகும் வழி இது. நேர் எதிர் வழியில் போனது மாஸ்டா. 2019-இல் வந்த ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் எஞ்சினில் ஐரோப்பிய ரேஷியோ 16.3. பிளக் ஒரு சின்னத் தீயை மூட்ட, அந்தத் தீ எழுப்பும் அழுத்தத்தில் மிக மெலிந்த கலவை முழுவதும் டீசல் போலத் தானாகப் பற்றும். நாக்கிங்கையே அடக்கி வேலை வாங்குவது என்று சொல்லலாம். கலவை மெலிந்திருப்பதால் எரிசூடு இறங்கி, நைட்ரஜன் ஆக்சைடும் பிறவியிலேயே குறைகிறது. அதை நடத்த ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்த சென்சார், தனி சூப்பர்சார்ஜர் எல்லாம் வேண்டியிருந்தது. நிசான் விசி-டர்போ ஓடும்போதே ரேஷியோவை 8-க்கும் 14-க்கும் இடையில் மாற்றுகிறது. அழகான வேலைதான், ஆனால் பாகம் அதிகம், விலையும் அதிகம்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நகர நெரிசலில், வருடத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஹைப்ரிட் பொருத்தமாக இருந்திருக்கும். நெடுஞ்சாலை ஓட்டம் பாதிக்கு மேல் என்றால் வாங்கிய வண்டி சரியானதே, இந்த எஞ்சின் சூடேறி நன்றாக இருப்பதும் அங்கேதான். இந்த வாரமே டிப் ஸ்டிக்கை எடுத்து மட்டத்தைக் குறித்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதோடு ஒப்பிடுங்கள்.